போலோ ஜிடி டிஎஸ்ஐ: மதுரை வெயிலுக்கும் கொடைக்கானல் இறக்கத்துக்கும் எந்த ஸ்பேர் தாங்குகிறது?

போர்ஷும் ஆடி டிடியும் மதுரை ரோட்டில் எப்போதாவதுதான் கண்ணில் படும். ஸ்போர்ட்ஸ் காரின் ருசி கைக்கெட்டும் விலையில் வேண்டும் என்றவர்கள் பலர் வாங்கியது ஃபோக்ஸ்வேகனின் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-இல் வந்த 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). 2020-இல் அதன் இடத்துக்கு மூன்று சிலிண்டர் 1.0 டிஎஸ்ஐ வந்தது. 2022-இல் போலோ உற்பத்தியே இந்தியாவில் நின்றுபோனது. ஆக, இன்று ஓடும் 1.2 எல்லாம் வாரண்டி தாண்டிய வண்டிகள். ஷோரூம் சர்வீஸை விட்டு வெளியே வந்து, கையில் ஸ்பேனரோடு இந்த வண்டியை வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த ஊரில் இந்த வண்டியின் ஆயுளைத் தின்பது சூடுதான். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தொடும் வெயில், கோரிப்பாளையத்தில் ஊர்ந்து போகும் டிராஃபிக், கொடைக்கானல் இறக்கம் மூன்றும் சேர்ந்து ரப்பரையும் ஆயிலையும் கிளட்சையும் காய்ச்சுகின்றன. அதனால் காசை ஆயில், கூலண்ட், பிரேக் ஃப்ளூயிட், சஸ்பென்ஷன் ரப்பர் புஷ், ஹோஸ் இவற்றில் போடுங்கள். பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டர், லோயரிங் ஸ்பிரிங், சத்தம் போடும் சைலன்சர் எல்லாம் அதற்குப் பிறகு.

ஸ்பேர் வாங்கும் முன் பார்ட் நம்பர் படிக்கக் கற்றுக்கொள்வது பாதி வேலை. ஃபோக்ஸ்வேகன் நம்பர் ஒன்பது எழுத்தும் எண்ணுமாக, மூன்று மூன்றாகப் பிரிந்திருக்கும். முதல் மூன்று எந்த வண்டிக்கு, எந்த இன்ஜினுக்கு என்று சொல்லும்: 6ஆர்0 என்றால் இந்தத் தலைமுறை போலோ, 03எஃப் என்றால் 1.2 டிஎஸ்ஐ இன்ஜின். நடு மூன்று எந்தப் பாகம் என்று சொல்லும். அதில் முதல் எண் 1 என்றால் இன்ஜின், 3 கியர்பாக்ஸ், 4 முன் ஆக்சில், 5 பின் ஆக்சில், 6 வீல், பிரேக், 9 எலெக்ட்ரிக்கல். 115 ஆயில் சம்பந்தப்பட்டது, 121 கூலிங், 407 லோயர் ஆர்ம் (முன் வீலைப் பிடித்திருக்கும் கீழ்க் கை) வகை, 698 பிரேக் பேட். கடைசியில் வரும் ஆங்கில எழுத்து திருத்தத்தையோ வகை வேறுபாட்டையோ குறிக்கும். பழைய பாகத்தில் ‘ஏ’ இருந்து கடையில் ‘சி’ கொடுத்தால் அது மேம்படுத்தியதாக இருக்கலாம். ஆனாலும் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டே வாங்க வேண்டும். வென்டோ, ரேபிட், ஃபேபியா எல்லாம் இதே குடும்பம் என்பதால் சஸ்பென்ஷன் சாமான்களுக்கு இன்னும் பஞ்சம் இல்லை. இன்ஜின், கியர்பாக்ஸ் சாமான்தான் தேட வேண்டியிருக்கும்.

கம்பெனிப் பெட்டிக்குத் தனி விலை. அதே பாகத்தைச் செய்து கொடுக்கும் லெம்ஃபோர்டர், டிஆர்டபிள்யூ, மான், மாலே, லூக் போன்றவர்களின் சொந்தப் பெட்டியில் வாங்கினால் தரம் குறையாமல் விலை இறங்கும். அப்படி வாங்கிய லோயர் ஆர்மில் ஓரிடத்தில் லோகோவைத் தேய்த்து அழித்த தழும்பு இருந்தால் டூப்ளிகேட் என்று பயந்து திருப்பிக் கொடுக்க வேண்டாம். கார் கம்பெனியின் முத்திரையை எடுத்துவிட்டுத்தான் அவர்கள் வெளியே விற்க முடியும். சந்தேகப்பட வேண்டியது பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டியைத்தான்.

இன்ஜின் ஆயிலுக்கு டப்பாவின் பின்புறம் விடபிள்யூ 502 00 என்ற அனுமதி எண் அச்சாகியிருக்க வேண்டும். 5டபிள்யூ-40 என்று முன்னால் போட்டிருப்பது மட்டும் போதாது. கம்பெனி கணக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். மதுரைப் புழுதிக்கும் டவுன் ஓட்டத்துக்கும் 7,500-இல் மாற்றுவதே சரி. இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். டிரெயின் போல்ட்டை வாஷரோடு ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டு, 30 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். பலத்தைக் காட்டி இறுக்கினால் சம்ப் மரை போய்விடும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையாலேயே இறுக்குங்கள். முதலில் மூன்றரை லிட்டர் ஊற்றி, ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

ஃபில்டரில் மட்டும் மலிவு பார்க்கவே கூடாது. காரணம், இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின். இந்த இன்ஜினில் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. நல்ல ஃபில்டருக்குள் இருக்கும் வால்வு, இரவெல்லாம் வண்டி நிற்கும்போது ஆயில் கீழே வழிந்துவிடாமல் பிடித்து வைக்கும். மட்டமான ஃபில்டரில் அது கசியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் செயின் தளர்ந்து கடகடக்கும். அந்தச் சத்தம் தினமும் வந்தால் முதலில் ஆயில் அளவு, அடுத்து ஃபில்டர். இரண்டும் சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் செயின், டென்ஷனர், கைடு மூன்றையும் செட்டாக மாற்றும் நேரம் வந்துவிட்டது. அது வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை. கேம்ஷாஃப்டைப் பூட்டும் டூல் இல்லாமல் தொட்டால் வால்வு வளைந்துவிடும்.

கூலண்ட் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு ஆபத்து உண்டு: போர் தண்ணீர். மதுரையில் பல ஏரியாக்களில் நிலத்தடி நீர் உப்பு. குழாயில் வெள்ளையாகப் படிவதுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். அவசரத்துக்கு ஒரு பாட்டில் ஊற்றினேன் என்பவர்களின் எக்ஸ்பான்ஷன் டேங்கை எட்டிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் தெரியும். ஜி12++ அல்லது ஜி13 வகைக் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. பனியே இல்லாத ஊரில் எதற்கு இத்தனை கூலண்ட் என்று கேட்பார்கள். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதே கூலண்ட்தான். பச்சைக் கூலண்டைக் கலந்தால் சேறு மாதிரி திரிந்துவிடும். தெரியாமல் கலந்திருந்தால் முழுவதும் இறக்கி, நிறம் போகும்வரை டிஸ்டில்டு வாட்டரிலேயே அலசுங்கள். டேங்க் மூடியும் தேயும் பாகம்தான். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காமல் சீக்கிரம் கொதிக்கும்.

பிரேக்கில் கொஞ்சம் நிதானமாகப் போவோம். கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். வத்தலக்குண்டு சமவெளிக்கு இறங்கும்போது ஆட்களோடு ஒன்றரை டன் எடை, இரண்டாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்குகிறது. அந்த ஆற்றல் ஏறத்தாழ எட்டு யூனிட் கரண்டுக்குச் சமம். அதில் பெரும்பகுதி இன்ஜின் பிரேக்கில் கழியாவிட்டால் இரண்டு முன் டிஸ்க்கும் பின் டிரம்மும் அதைச் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும். டாட் 4 தர பிரேக் ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடலாம். கடைசிக் கொண்டை ஊசிகளில் பெடல் திடீரென்று ஆழமாகப் போவது இதனால்தான்: உள்ளே ஆவிக் குமிழ். எனவே பேட் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஃப்ளூயிட். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் மாற்றுவது நல்ல கணக்கு. ஒரு லிட்டர் போதும். அரை லிட்டர் டப்பா இரண்டாக வாங்குங்கள். திறந்து வைத்த டப்பாவை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்க வேண்டாம். இறக்கத்தில் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாவது, மூன்றாவது கியரில் பிடித்து வாருங்கள்.

முன் பேட் மாற்றுவது ஒரு காலை வேலை. வண்டி தரையில் இருக்கும்போதே 17 எம்எம் சாக்கெட்டால் வீல் போல்ட்டைத் தளர்த்தி, ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் கொடுத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வீலைக் கழற்றாதீர்கள். பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரின் வெளிப்பக்கக் கம்பி ஸ்பிரிங்கை நெம்பி எடுத்து, பின்புறம் இரண்டு ரப்பர் மூடியைக் கழற்றினால் உள்ளே கைடு பின் இருக்கும். அதற்கு 7 எம்எம் ஆலன் கீ வேண்டும். சாதாரண செட்டில் 6-க்கு அடுத்து 8-தான் வரும், தனியாக வாங்கி வையுங்கள். கேலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக்கூடாது. பிஸ்டனை ‘ஜி’ கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளும்போது ரிசர்வாயர் வழிகிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். கைடு பின்னைத் துடைத்து, காய்ந்தபடியே போடுங்கள். இந்த வகைக் கேலிப்பரில் அதற்கு கிரீஸ் கிடையாது. சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் புஷ் ஊதி, கைடு பின் சிக்கிக்கொள்ளும், பேட் ஒருபக்கமாகத் தேயும். கைடு பின்னுக்கு 30, வீல் போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர்.

முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் பிரேக் பிடிக்காது. பிறகு ரிங் ரோட்டில் விடியற்காலை காலியாக இருக்கும்போது வேகத்தை அறுபது கிலோமீட்டரிலிருந்து பத்துக்குக் குறையுங்கள், இப்படி எட்டிலிருந்து பத்து முறை. முழுவதும் நிறுத்த வேண்டாம்; சூடான டிஸ்க்கில் பேட் ஒட்டி, பின்னால் ஸ்டீயரிங் உதறும். உலோகம் அதிகம் கலந்த மலிவு பேட் தானும் தேய்ந்து டிஸ்க்கையும் அறுக்கும். மிச்சப்படுத்திய காசு டிஸ்க் விலையில் போய்விடும். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுவிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள், அதற்குக் கீழே போனால் லேத்தில் கொடுத்துத் தேய்க்காமல் மாற்றிவிடுங்கள்.

டிஎஸ்ஜி-யில் நாம் கழற்றுவது குறைவு, காப்பாற்றுவது அதிகம். இது உலர்ந்த இரட்டை கிளட்ச், ஆயிலில் குளிர்வதில்லை. ஒரு கிளட்ச் 1, 3, 5, 7-க்கு, இன்னொன்று 2, 4, 6, ரிவர்ஸுக்கு. அதனால் இரட்டைப்படை கியரும் ரிவர்ஸும் சேர்ந்து போனால் கோளாறு அந்த ஒரு பக்கத்தில்தான் என்று கணித்துவிடலாம். சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளம் பக்கம் மாட்டிக்கொண்டால் பிரேக்கை அரைகுறையாக விட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்துவதுதான் கிளட்சைக் கருக்குவது. பிரேக்கை அழுத்திப் பிடித்தால் கிளட்ச் முழுவதும் விலகிவிடும். முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் கிடைத்தபின் ஒரே மூச்சில் நகருங்கள். நீண்ட சிக்னலில் நியூட்ரல். மேட்டில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியை நிறுத்திப் பிடிக்கவே கூடாது.

2013 நவம்பரில் இந்த கியர்பாக்ஸின் சிந்தெடிக் ஆயிலை மினரல் ஆயிலாக மாற்ற உலகளவில் ரீகால் நடந்தது. அந்தக் காலத்து வண்டியைப் பழையதாக வாங்குபவர்கள் தங்கள் சேசிஸ் நம்பருக்கு அது உண்டா, செய்யப்பட்டதா என்று சர்வீஸ் பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள். கியர் எழுத்து மினுக்கினால் உடனே மெக்கட்ரானிக் (கியர்பாக்ஸை இயக்கும் கண்ட்ரோல் யூனிட்) போச்சு என்று யாராவது பயமுறுத்துவார்கள். முதலில் பேட்டரி வோல்டேஜையும் எர்த் ஒயரையும் பாருங்கள். வலுவிழந்த பேட்டரி பொய்யான எரரைக் கிளப்பும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடிலெவன் அல்லது விசிடிஎஸ் ஸ்கேனர் கையில் இருந்தால் கிளட்ச் சூட்டை நேரடியாகப் படிக்கலாம், கிளட்ச் அளவைக் கியர்பாக்ஸுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் அடாப்டேஷனும் ஓட்டலாம். கிளட்ச் மாற்றுவதற்குத் தனி டூலும் ஷிம் அளவெடுப்பும் வேண்டும். அதை அனுபவமுள்ள பட்டறையில் விடுங்கள்.

சஸ்பென்ஷனில் முதலில் போவது லிங்க் ராடும் லோயர் ஆர்மின் பின் புஷ்ஷும். இங்கே பல பட்டறைகள் செய்யும் ஒரே பிழை: வீல் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை இறுக்கிவிடுவது. ரப்பர் முறுக்கிய நிலையில் பூட்டிக்கொண்டு, வண்டி இறங்கியதும் எப்போதும் இழுபட்டே இருக்கும், சீக்கிரமே கிழியும். எடை வீலில் இறங்கியபின் கடைசி இறுக்கு.

ஏர் ஃபில்டருக்குப் பேப்பர்தான். தூசி மிகுந்த ரோட்டில் ஓடுபவர்கள் பாதி இடைவெளியிலேயே மாற்றுங்கள். ஆயில் தடவும் பஞ்சு ஃபில்டர் கூடுதல் தூசியை விடும், டர்போ இறக்கை அதைத் தாங்காது. ஹைவேயிலிருந்தோ மலையேறியோ வந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு ஆஃப் செய்யுங்கள். டர்போ பேரிங்கில் ஆயில் கருகுவது குறையும்.

தரைத்தளத்தில் நிறுத்துபவர்களுக்கு எலித் தொல்லை நிச்சயம். ஏபிஎஸ் லைட் திடீரென்று எரிந்தால் சென்சார் வாங்கும் முன் வீல் ஆர்ச்சுக்குள் ஒயரைக் கையால் தடவிப் பாருங்கள், பாதி நேரம் கடித்த இடம் தட்டுப்படும். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், இந்த இன்ஜினோ அதற்கு முந்தைய காலத்தது. மைலேஜ் கொஞ்சம் குறைவது இயல்பு. ஃபியூயல் ஹோஸ்களை ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் வளைத்துப் பார்த்து, வெடிப்போ ஈரமோ தெரிந்தால் மாற்றுங்கள். வாரக்கணக்கில் வண்டி நிற்கப் போகிறது என்றால் டேங்கை அரைகுறையாக விடாமல் நிரப்பி நிறுத்துங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்க உள்ளே காற்று குறைவாக இருக்கும்.