சிசிடிவி வேலைக்கு ஒரு மல்டிடூல்: சில வருஷ அனுபவம்

சிசிடிவி கேமரா மாட்டுவதும் சர்வீஸ் செய்வதும் என் தொழில். பிளேயர், கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கிய லெதர்மேன் கம்பெனியின் வேவ் பிளஸ் மல்டிடூல் சில வருஷமாக என் இடுப்பில் இருக்கிறது. வாங்க நினைக்கும் பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணே, இதுல எத்தனை டூல் இருக்கு?" என்பதுதான். கம்பெனி கணக்கு 18. தினசரி என் கைக்கு வருவது கட்டர் வைத்த பிளேயர், கத்தி, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், கத்தரிக்கோல் அவ்வளவுதான். பிவிசி கேசிங் அறுக்க எப்போதாவது ரம்பம். அதனால் எண்ணிக்கையை விடுங்கள். நீங்கள் அடிக்கடி எடுக்கப்போகிற அந்த மூன்று நான்கு டூல் எவ்வளவு சுலபமாக வெளியே வருகிறது, அதைப் பாருங்கள்.

ஏணி மேல் நிற்கும்போது இது நன்றாகவே புரியும். ஒரு கை கேமராவைப் பிடித்திருக்கும். வேவ் பிளஸ்ஸில் கத்திகளும் ரம்பமும் அரமும் வெளிப்பக்கம் இருக்கின்றன. கட்டைவிரலால் தள்ளினால் கத்தி திறந்து லாக் ஆகிவிடும். கேபிள் டையை வெட்டிவிட்டு அதே கையாலேயே மடக்கிவிடலாம்.

ஸ்க்ரூ டிரைவர் விஷயம் வேறு. அது உள்ளே இருக்கிறது. கைப்பிடி இரண்டையும் விரித்து, நகத்தால் டிரைவரை இழுத்து, மறுபடி மூட வேண்டும். இரண்டு கையும் தேவை. அப்புறம், டிரைவர் நட்டநடுவில் இல்லாமல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஜங்ஷன் பாக்ஸ் சீலிங்கை ஒட்டி இருந்தால் கைப்பிடியின் பருமன் மேலே இடிக்கும், ஸ்க்ரூவுக்கு நேராக நிற்காது. சாய்த்து வைத்துத் திருகினால் ஸ்க்ரூ தலை மழுங்கிப் போகும். அப்புறம் அதைக் கழற்ற டிரில்தான் வேண்டும்.

இதற்குத் தீர்வு, தனியாக விற்கும் பிட் எக்ஸ்டெண்டர், அதாவது டிரைவரை நீளமாக்கும் இணைப்பு. பிட் என்பது கழற்றி மாட்டும் ஸ்க்ரூ டிரைவர் முனை. லெதர்மேன் பிட் தட்டையானது, கடையில் கிடைக்கும் ஆறுபட்டை பிட் இந்த டூலில் நேரடியாகப் பொருந்தாது. எக்ஸ்டெண்டரில் சாதாரண கால் இஞ்ச் பிட்டும் உட்காரும். டோம் கேமரா மூடிக்கு வேண்டிய, ஆறுமுனை நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட் ஒன்றையும் உறையிலேயே செருகி வைத்திருக்கிறேன். இந்த எக்ஸ்டெண்டர் இல்லாமல் என் தொழிலுக்கு வேவ் பிளஸ்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் வேலையில் பாதிக்கு மேல் ஸ்க்ரூ திருகுவதுதான் என்றால் விக்டோரினாக்ஸ் ஸ்விஸ்டூல் ஸ்பிரிட்டைப் பாருங்கள். பிளேயரைத் தவிர எல்லாமே வெளிப்பக்கத்திலிருந்து திறக்கும்.

பிளேயர் பிரமாதம். ஊசி மூக்கு நுனி, குழாய்க்குள் சிக்கிய கேட்6 நெட்வொர்க் வயரின் முனையைப் பிடித்து இழுக்கும். கட்டர் பிளேடு தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டலாம். ஜிஐ கம்பி வெட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். இதில் கிரிம்பர் இருக்கிறது என்று நம்பி, நெட்வொர்க் வயர் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் ஆர்ஜே45 கிரிம்பிங் டூலை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள், இதிலுள்ள கிரிம்பர் வேறு வேலைக்கானது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதன் கைப்பிடி முழுக்க உலோகம், இன்சுலேஷன் கிடையாது. 230 வோல்ட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். 1000 வோல்ட் இன்சுலேட்டட் கட்டிங் பிளேயரும் டெஸ்டரும் பையில் இருந்தே ஆக வேண்டும். கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் அவை இரண்டையும் வாங்குங்கள், மல்டிடூல் அடுத்த மாதம் வரட்டும்.

எடை 241 கிராம். பேண்ட் பாக்கெட்டில் போட்டால் நாள் முழுக்கத் தொடையில் இடிக்கும், பெல்ட் உறைதான் சரி. பாக்கெட்டுக்கே வேண்டும் என்றால் லெதர்மேனின் 142 கிராம் ஸ்கெலிடூல் இருக்கிறது. அதில் கத்தரிக்கோல் இல்லை, ஆனால் பிட் டிரைவர் உண்டு.

விலை குறைந்த பெயர் தெரியாத டூல்களும் என்னிடம் இருந்தன. ரிவெட் தளர்ந்து பிளேயர் நுனி ஒன்றோடொன்று சேராமல் போனது, கத்திக்கு லாக்கும் இல்லை. லாக் இல்லாத கத்தியை ஏணி மேல் பயன்படுத்தவே கூடாது. லெதர்மேனுக்கு 25 வருட வாரண்டி இருக்கிறது. போலிகளும் சந்தையில் உண்டு என்பதால் பில்லோடு வாங்குங்கள்.

கடற்கரையோர வேலை என்றால் பராமரிப்பு அவசியம். கத்தி 420எச்சி என்ற வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான், ஆனாலும் வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் மூட்டுகளில் பழுப்புப் புள்ளி விழும். வெந்நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுகிறேன். வெளியூர் சைட்டுக்கு விமானத்தில் போனால் இதை செக்-இன் பெட்டியில் வைத்துவிடுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள்.