பாத்திரமேற்றுப் படித்த நான்கு வாரங்கள்

கிளிநொச்சியில் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றும் நான், அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் வரலாற்றையும் உடல்நலத்தையும் பாத்திரமேற்பின் வழியாகக் கற்பிக்கும் இணையவழிப் பாடநெறி ஒன்றை அண்மையில் முடித்தேன். பங்குபற்றுபவர் ஒவ்வொருவரும் தமக்குத் தரப்படும் பாத்திரத்தின் பெயரிலேயே கடிதங்களும் குறிப்புகளும் எழுதி, மற்றப் பாத்திரங்களுக்குப் பதிலளிக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்தது, 1930களில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஆதிக்குடிக் குடியிருப்பு ஒன்றில் பணிபுரியும் தாதியின் பாத்திரம். பெற்றோர் பிள்ளையைப் புறக்கணித்தனர் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்காமலே பிள்ளையை எடுத்துச்செல்லும் அதிகாரத்தை, 1915ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அம்மாநிலத்தின் ஆதிக்குடிகள் பாதுகாப்புச் சபைக்கு வழங்கியது. இதை நான் முன்னரே வாசித்திருந்தேன். ஆயினும் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் படிவம் திரையில் திறந்து, 'காரணம்' என்ற கட்டம் வெறுமையாக என் முன்னே நின்றபோது, 'தாய் நோயாளி' என்று எழுதிவிட்டேன். எழுதியது பொய்யுமல்ல, கதைப்படி அந்த வாரம் தாய்க்குக் கடும் காய்ச்சல். அந்த இரண்டு சொற்களைக் காட்டியே சிறுமியைக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் வாரத்தில் கதை 1971க்கு வருகிறது. சிட்னியின் ரெட்பேர்னில் ஆதிக்குடிகள் தாமே நடத்தும் முதலாவது மருத்துவ நிலையம் தொடங்கிய ஆண்டு அது. அன்றைய சிறுமிக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. ருமாற்றிக் காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்ட அவளுடைய மகனுக்கு மாதந்தோறும் பெனிசிலின் ஊசி போட வேண்டும். அவளோ அரசாங்க ஆஸ்பத்திரியின் வாசலை மிதிக்க மறுக்கிறாள். எங்கள் கிளினிக்கிலும் இதே ஊசிக்கு வராதவரின் அட்டையில் 'சமுகமளிக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த அட்டையை எடுப்பதுதான் வழக்கம். இந்தப் பகுதிக்குப் பின் அவ்வாறு எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் பாத்திரத்தை மாணவர் ஒருவரிடம் ஒப்படைப்பது பெருந்தவறு. அந்த இடத்தில் ஆதிக்குடிப் பெண்களின் சொந்தக் குரலே ஒலித்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் அது, 2009இல் மகனைத் தொலைத்து இன்னும் தேடிக்கொண்டிருக்கும் முல்லைத்தீவு அக்கா ஒருவருக்குப் போனது. ஒரு வரி எழுதிவிட்டு அவர் விலகிக்கொண்டார். ஏனென்று விசாரித்து ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை.

பாடநெறியின் ஆங்கிலம் எளிமையானது. நேரடி வகுப்பு சிட்னி நேரத்தில் நடப்பதால், எங்களுக்கு அது பிற்பகல் கடமை நேரத்தில் விழுகிறது.

அந்தத் தாயின் பாத்திரத்தை நீக்கும்படி நடத்துநர்களுக்கு எழுதியிருக்கிறேன். நீக்கினால், எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் தாதியர் அனைவரையும் இதைப் படிக்கச் சொல்வேன்; அதுவரை, பாத்திரப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்த பின்பே பணம் கட்டுங்கள்.