ஆளைப் பார்த்து ஒலிக்கும் கைப்பேசி: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கைப்பேசியில் பல மாற்றங்களைச் செய்து பார்த்து, சிலவற்றைக் கைவிட்டு, மிஞ்சியவற்றோடு சில ஆண்டுகளாகப் பழகி வருகிறேன். திரை நேரத்தைக் குறைப்பது மட்டும் நோக்கம் என்றால் கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்தாலே போதும். எனக்கு வேண்டியிருந்தது வேறு. நெருங்கிய மனிதர்களுக்கு நான் உடனே கிடைக்க வேண்டும். மற்றவற்றுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்கக் கூடாது. அந்த ஒன்றை வைத்தே எது தேறியது, எது தேறவில்லை என்று பார்த்து வந்திருக்கிறேன்.

தேறியதில் முதலிடம், அறிவிப்புகளைச் செயலி வாரியாகப் பார்க்காமல் ஆள் வாரியாகப் பார்க்கத் தொடங்கியதற்குத்தான். 'தொந்தரவு செய்யாதே' அமைப்பு என் கைப்பேசியில் நாள் முழுவதும் இயங்குகிறது. அம்மா, அப்பா, அக்கா, மகளின் பள்ளி, நெருங்கிய நண்பர்கள் சிலர் என்று நட்சத்திரமிட்டு வைத்திருப்பவர்கள் அழைத்தால் மட்டும் மணி ஒலிக்கும். மற்றவர்களுக்கும் அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை அழைப்பு வந்தால் அது தடையைத் தாண்டி ஒலிக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் 15 நிமிடங்களுக்குள், ஐபோனில் 3 நிமிடங்களுக்குள் இரண்டாவது அழைப்பு வர வேண்டும். இந்த வசதி தங்கள் கையிலேயே இருப்பது பலருக்குத் தெரியாது. இது இருந்ததால்தான் பயமில்லாமல் மற்ற எல்லாவற்றையும் அமைதியாக்க முடிந்தது.

குறுஞ்செய்திகளையும் குழுக்களையும் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை மட்டும் திறந்து பார்க்கிறேன். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அறிவிப்புகளை ஒரு நாளில் மூன்று தொகுப்பாகப் பெற்றவர்களுக்குக் கவனமும் மனநிலையும் மேம்பட்டதாகவும், அறிவிப்பே வராமல் முடக்கப்பட்டவர்களுக்குப் பதற்றம் கூடியதாகவும் கண்டார்கள். என் அனுபவமும் அதுவே. முழுவதும் அணைத்து வைத்த காலத்தில், எதையோ தவறவிடுகிறோம் என்ற நினைப்பில் கை அடிக்கடி கைப்பேசியைத் தேடியது. பார்ப்பதற்கு ஒரு நேரம் உண்டு என்று தெரிந்த பிறகு அந்தத் தேடல் அடங்கிவிட்டது.

கைவிட்டவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு செயலிக்கு இத்தனை நிமிடம் என்று வரம்பு வைக்கும் வசதி 2018இல் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வந்தது. எனக்கு அது பொருந்தவில்லை. வெறுமனே திரையை உருட்டிய நிமிடமும், நோயில் படுத்திருக்கும் நண்பனோடு பேசிய நிமிடமும் அந்தக் கணக்கில் ஒன்றாகிவிடுகின்றன. திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதையும் செய்து பார்த்தேன். அக்கா அனுப்பிய குழந்தையின் படமும் சாம்பல் நிறத்தில் வந்து நின்றது. அன்றே வண்ணத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம்: குரல். எழுதி அனுப்புவதைவிடப் பேசுவது தயக்கமாக இருக்கும் என்று நினைத்துத்தான் பலரும் எழுத்திலேயே நின்றுவிடுகிறோம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். பழைய நண்பரோடு தொலைபேசியில் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள், பேசிய பிறகு சங்கடம் ஏதும் கூடவில்லை என்றும், மின்னஞ்சலைவிட நெருக்கம் அதிகமாக இருந்தது என்றும் சொன்னார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012இல் வெளியான இன்னொரு ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மன அழுத்தம் தரும் தேர்வு ஒன்றை முடித்த சிறுமிகளில், அம்மாவின் குரலைத் தொலைபேசியில் கேட்டவர்களுக்கு அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோனான கார்ட்டிசால் குறைந்தது, நெருக்கத்தோடு தொடர்புடைய ஹார்மோனான ஆக்சிடோசின் கூடியது. அம்மாவின் ஆறுதலை எழுத்தில் மட்டும் பெற்ற பிள்ளைகளின் உடல்நிலையோ, அம்மாவோடு தொடர்பே கொள்ளாத பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தது.

அம்மாவோடு நான் பேசும் அழைப்புகளில் பாதி நேரம் பேச்சே இருக்காது. அவர் ஒலிபெருக்கியைப் போட்டுக் கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருப்பார். நான் இங்கே புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருப்பேன். நாற்காலியை இழுக்கும் சத்தம் வரும், இருமல் வரும், வாசலில் யாரோடோ இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பும் காலடி கேட்கும். நடுவில் திடீரென்று, 'முட்டிவலி நேற்றிலிருந்து கொஞ்சம் கூடியிருக்கிறது' என்பார். 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டு அனுப்பினால் 'நலம்' என்ற ஒரு சொல்தான் பதிலாக வரும். அந்த முட்டிவலி வெளியே வருவதற்கு இவ்வளவு நேரமும் இவ்வளவு மௌனமும் தேவைப்படுகின்றன.

அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசத் தெரியாது. 'சரி, அம்மாவிடம் கொடுக்கிறேன்' என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். காணொலி அழைப்பிலும் முதலில் அப்படித்தான். பழைய வானொலி ஒன்றைப் பிரித்துப் பழுது பார்ப்பது அவர் பொழுதுபோக்கு. ஒரு நாள், அதைக் காட்டுங்கள் அப்பா என்றேன். கைப்பேசியைப் புத்தகக் கட்டின் மேல் சாய்த்து வைத்து, திருகாணிகளை ஒரு மூடியில் சேர்த்து, எந்தக் கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று முள்கரண்டி போன்ற இடுக்கியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேச முடியாத மனிதர், கையில் வேலை இருந்தபோது தன் இளமைக் காலம் முழுவதையும் சொன்னார். காணொலி அழைப்பு முகத்தைக் காட்டத்தான் என்று இல்லை. சேர்ந்து ஒரு வேலையைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் இருக்கும்போது ஒரு பழக்கம் நன்றாகப் பலித்தது. கைப்பேசியை எடுக்கும்போது எதற்காக எடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். 'மின்கட்டணம் கட்டிவிட்டு வருகிறேன்.' 'பெரியம்மாவுக்கு மருந்தின் பெயரை அனுப்புகிறேன்.' எதிரே இருப்பவருக்குத் திரைக்குள் நடப்பது தெரியாது, ஒதுக்கப்பட்டதாகத்தான் தெரியும். சொல்லிவிட்டால் மகளும் காத்திருக்கிறாள், முடிந்ததும் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். சொல்வதற்குக் காரணம் ஏதும் இல்லாதபோது கையே பின்வாங்கிவிடுகிறது.

நினைவூட்டல் வைத்து மனிதர்களை அழைப்பது இயந்திரத்தனம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ராபின் டன்பார் என்ற மானுடவியலாளர் 1992இல் மூளையின் அளவையும் குழுவின் அளவையும் ஒப்பிட்டு, மனிதர் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் ஏறத்தாழ 150 என்று மதிப்பிட்டார். அதற்குள் மிக நெருக்கமான வட்டம் 5 பேர், அடுத்தது 15 பேர் என்பது அவருடைய பிந்தைய விளக்கம். அந்த எண்கள் குறித்து விவாதம் தொடர்கிறது. ஆனால் என் நினைவுக்கு எல்லை உண்டு என்பதில் எனக்கு விவாதமே இல்லை. அதனால் ஒருவரோடு பேசி முடித்ததும் ஒரு வரி குறித்து வைக்கிறேன்: 'பதினைந்தாம் தேதி அண்ணிக்குக் கண் அறுவை சிகிச்சை', 'மகன் நேர்முகத் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிறான்'. உரிய நாளில் கைப்பேசி நினைவூட்டும். அழைத்துக் கேட்பவன் நான்தான். அந்த அக்கறை கருவியுடையது ஆகாது. ஆறுதல் சொற்களை மட்டும் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்குவதில்லை. துக்கத்தில் இருப்பவருக்குத் தடுமாறி எழுதிய இரண்டு வரிகள் போதும், அவை என்னுடையவையாக இருந்தால்.

குறைகளும் உண்டு. பதில் தாமதமாக வருகிறது என்ற மனத்தாங்கல் சிலருக்கு இன்னும் தீரவில்லை. அலுவலகக் குழுவை மூன்று வேளைக்குள் அடக்க முடியவில்லை. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டியிருக்கிறது. குறுஞ்செய்தியில் மட்டுமே மனம் திறக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரைக் குரலுக்கு இழுக்காமல் எழுத்திலேயே தொடர்கிறேன், நீளமாக, நிதானமாக.

யாராவது இதைத் தொடங்குவதாக இருந்தால், அமைப்புகளை மாற்றும் முன் நெருங்கியவர்களிடம் சொல்லிவிடுங்கள்: நான் எடுக்காவிட்டால் உடனே இன்னொரு முறை அழையுங்கள், கட்டாயம் ஒலிக்கும். வயதானவர்களாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை அழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.