லிவர் பேக்கேஜ்: ஸ்கேனுக்கு நாலு ஸ்டார், சிரப்புக்குப் பூஜ்யம்

எங்கள் ஏரியா ஸ்கேன் சென்டர் ஒன்றில் (பேர் வேண்டாம்) 3,200 ரூபாய் கட்டி லிவர் பேக்கேஜ் எடுத்தேன். ரத்தப் பரிசோதனை, கூடவே கல்லீரலின் விறைப்பையும் கொழுப்பையும் அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். நான் தினமும் குடிக்கிற ஆள் இல்லை, சனிக்கிழமை ராத்திரி மட்டும்தான், அதுவும் ஒன்றரை குவார்ட்டரோடு சரி, அதனால் ரிப்போர்ட் சுத்தமாக வரும் என்ற தைரியத்தில்தான் போனேன்.

ஸ்கேனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வரச் சொன்னார்கள். மல்லாக்கப் படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும், விலா எலும்புக்கு நடுவே சில்லென்று ஜெல்லைத் தடவி, விரலால் சுண்டுவது போல டக், டக் என்று பத்துத் தடவை. வலியே கிடையாது. கல்லீரலின் விறைப்பு 5.4 கிலோபாஸ்கல், நார்மல். ஆனால் கொழுப்பைக் காட்டும் சிஏபி 272. 248-ஐத் தாண்டினாலே கொழுப்பு படிய ஆரம்பித்துவிட்டது என்று கணக்காம். ரத்தத்தில் பார்க்கும் ஜிஜிடி என்ற கல்லீரல் என்சைம் 94, அதுவும் கூடுதல்.

அங்கிருந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்கு போட்டார், அதற்கே கொடுத்த காசு சரியாகப் போச்சு. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்றால் சுத்தமான ஆல்கஹால் சுமார் 61 கிராம். ஒரே வேளையில் 60 கிராம் குடித்தாலே உலக சுகாதார நிறுவனம் அதை மிதமிஞ்சிய குடியில் சேர்க்கிறது. நாம் 'ஒரே ஒரு குவார்ட்டர்' என்று சொல்வதே அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், நானோ ஒன்றரை. மீதி ஆறு நாள் சும்மா இருந்ததற்குத் தள்ளுபடி கிடையாதா என்று கேட்டேன், சிரித்தார்.

ஞாயிறு காலையில் வயிறு கலக்கிக்கொண்டு போகுமே, அதற்கு எத்தனை வருஷமாகச் சில்லி சிக்கன் கடைக்காரரைத் திட்டியிருக்கிறேன்! மொத்தமாக இறங்கும் சரக்கு குடல் சுவரின் இணைப்புகளைத் தளர்த்திவிடுமாம், குடல் பாக்டீரியாக்களின் நச்சு அந்த இடுக்கு வழியாக ரத்தத்தில் கலந்து நேராகக் கல்லீரலுக்குத்தான் போகும். ஏற்கெனவே அது ஆல்கஹாலை உடைத்து, உடைக்கும்போது வரும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரம்.

அப்புறம் பில் கவுன்ட்டர். டாக்டர் எழுதாத ஒரு 'டீடாக்ஸ்' சிரப்பை 850 ரூபாய்க்குத் தலையில் கட்டப் பார்த்தார்கள், "எல்லாரும் வாங்குவாங்க சார்" என்று. குடித்ததைக் கழுவிவிடுகிற சிரப்பெல்லாம் கிடையாது, குடியை நிறுத்தினால் இந்தக் கட்டத்துக் கொழுப்பு சில வாரத்திலேயே குறையத் தொடங்கும் என்று பத்து நிமிஷம் முன்னால்தான் உள்ளே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பார்க்கிங் இல்லை, பைக்கில் போங்கள்.