ஹூடூ மேன் ப்ளூஸ்: 33-ஆ, 45-ஆ?

ப்ளூஸ் பாடகர் ஜூனியர் வெல்ஸின் ‘ஹூடூ மேன் ப்ளூஸ்’ ஆல்பம் என்னிடம் இரண்டு விதமான இசைத்தட்டாக இருக்கிறது. ஒன்று டெல்மார்க் கம்பெனியின் வழக்கமான ஒற்றை எல்பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. இன்னொன்று அனலாக் புரொடக்‌ஷன்ஸ் மறுவெளியீடு. அதே பன்னிரண்டு பாட்டு, 45 சுற்றில், இரண்டு கனமான தட்டுகளில். முதலில் வாங்கியது 33. ஒரு வருடம் கழித்து, இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்து 45 வாங்கினேன். இந்த ஆல்பம் உங்களுக்கு உயிர் என்றால் நேராக 45-க்கே போங்கள்.

அட்டை அழகு, தட்டின் எடை பற்றியெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. எடை கூடினால் ஒலி கூடிவிடாது.

பதிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1965 செப்டம்பரில் சிகாகோவில் இரண்டே நாளில் முடிந்தது. தயாரிப்பாளர் பாப் கோஸ்டர். குரலும் மவுத் ஆர்கனும் வெல்ஸ், பாஸ் ஜாக் மையர்ஸ், டிரம்ஸ் பில்லி வாரன், கித்தார் பட்டி கை. பட்டி கைக்கு செஸ் என்ற இன்னொரு இசைத்தட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தச் சிக்கல் வரலாம் என்று, முதலில் வந்த அட்டைகளில் அவர் பெயரைப் போடாமல் ‘ஃப்ரெண்ட்லி சாப்’ என்று போட்டார்கள். நாலே பேர் என்பதால் கருவிகளுக்கு நடுவே நிறைய வெற்றிடம். பதிவின் நடுவில் பட்டி கையின் ஆம்ப் (கித்தார் ஒலிபெருக்கி) பழுதாக, கித்தாரை ஹேமண்ட் ஆர்கனின் லெஸ்லி ஸ்பீக்கரில், அதாவது ஒலியைச் சுழற்றி அனுப்பும் ஸ்பீக்கரில், கொடுத்து வாசிக்க வைத்தார்கள். தலைப்புப் பாட்டில் கித்தார் சுழன்று சுழன்று வருவது அதனால்தான். இப்படி ஆள் குறைந்த பதிவில் சின்னக் கரகரப்புகூட ஒளிந்துகொள்ள இடமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தட்டின் வேகம் மாறாது, ஆனால் ஊசி உள்ளே போகப் போக வட்டம் சிறுத்துக்கொண்டே வரும். 33 தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் ஒலி பதிந்த பள்ளம் நொடிக்கு ஏறக்குறைய 51 செ.மீ. ஓடுகிறது. நடுவில் ஒட்டிய லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலியைப் பாதி நீளத்துக்கும் குறைவான இடத்தில் திணிக்க வேண்டும். அப்போது முதலில் அடிபடுவது உச்ச ஒலிகள்: சிம்பல், ‘ஸ’ ஓசை, மவுத் ஆர்கனின் மேல் சுரங்கள். 45-இல் அதே இடத்தில்கூட 28 செ.மீ. கிடைக்கும். அது மட்டுமல்ல, ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம்தான் இசை என்பதால் லேபிள் வரை நெருக்கிக்கொண்டு போக வேண்டியதே இல்லை.

இதைக் காதால் சோதிக்க இந்த ஆல்பமே போதும். தலைப்புப் பாட்டு 33-இல் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு, அதாவது வெளி ஓரம். அங்கே இரண்டு தட்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. 45-இல் பாஸ் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம் கடைசிப் பாட்டு, ‘யாண்டர்ஸ் வால்’. 33-இல் வெல்ஸ் மவுத் ஆர்கனை அழுத்தி ஊதும் இடத்தில் சுரத்தின் விளிம்பில் மணல் உரசுவது போல ஒரு சத்தம். தட்டு அழுக்கு என்று நினைத்துக் கழுவினேன், போகவில்லை. ஊசியைத் துடைத்தேன், போகவில்லை. அளவு அட்டையை வைத்து, ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிசெய்ய ஒரு மாலை முழுக்கப் போனது. அப்போது பாதி குறைந்தது. மீதிப் பாதி அப்படியே நின்றது. 45-இன் நாலாவது பக்கத்தில் அதே இடத்தைப் போட்டால் மணல் இல்லை. ஊதுவதற்கு முன் அவர் மூச்சை இழுப்பது கேட்கிறது. நான் கூடுதலாகக் கொடுத்த காசு அந்த மூச்சுக்குத்தான்.

குறை இல்லாமல் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். கிளப்பில் ஒரு ராத்திரி எப்படி ஓடுமோ அப்படி வர வேண்டும் என்று செய்த ஆல்பம் இது; மூன்று பாட்டுக்கு ஒருமுறை நிற்பது எனக்கும் உறுத்துகிறது. துடைக்க வேண்டிய பக்கமும் இரண்டு அதிகம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் ஊசி சாதாரண நீள்வட்ட முனை. இன்னும் மெல்லிய முனை உள்ள ஊசியில் 33-இன் கடைசிப் பாட்டை நண்பர் வீட்டில் ஒரே ஒரு தடவை கேட்டேன். கரகரப்பு நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் அது வேறு டர்ன்டேபிள், வேறு ஸ்பீக்கர், வேறு அறை. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உங்களிடம் ஏற்கெனவே அப்படிப்பட்ட ஊசி இருந்தால், முதலில் 33-ஐ வாங்கி ‘யாண்டர்ஸ் வால்’ வரை கேட்டுப் பாருங்கள். உரசல் இல்லையென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் 33-ஐ விற்கவில்லை. சமைக்கும்போது கையில் மாவோடு தட்டைத் திருப்ப ஓட முடியாது. அப்போது அதுதான் ஓடுகிறது.