வஉ நூடுல்ஸோடு மூன்று வருடம்

மியன்மரின் யாங்கோனில் பிறந்து வளர்ந்த ஒருத்தியிடம் நூடுல்ஸை விடு என்றால், பாதிச் சாப்பாட்டை விடு என்ற மாதிரி. காலையில் மீன் குழம்பு ஊற்றிய மொய்ங்கா, சாயங்காலம் புளியும் கடலை மாவும் போட்டுப் பிசைந்த அத்தோ, வீட்டுக்கு யாராவது வந்தால் தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றிய கவுசுவே, எல்லாமே நூடுல்ஸ்தான். மூன்று வருடத்துக்கு முன் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அதே வருடம் தங்கை மகளுக்குச் சீலியாக் நோய் என்று உறுதியானது. கோதுமை, பார்லி எதுவும் அவளுக்குத் துளிகூட ஆகாது. அரிசி நூடுல்ஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் எனக்கு அளவு வேண்டும். பாசிப்பயறு கண்ணாடி நூடுல்ஸிலும் கோதுமை இல்லைதான், ஆனால் அதுவும் மாவுச்சத்துதானே. இரண்டு பேருக்கும் ஒரே சட்டியில் சமைக்க வழி தேடியபோது கைக்கு வந்தது கொஞ்சாக் நூடுல்ஸ். ஜப்பான்காரர்கள் ஷிராட்டாக்கி என்பார்கள்.

கொஞ்சாக் வேறொன்றும் இல்லை, நம் சேனைக்கிழங்குக்குச் சொந்தக்காரக் கிழங்கு. பர்மியர்கள் வஉ என்கிறார்கள். சின் மாநில மலைகளில் விளைகிறது. சீவிக் காயவைத்துச் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் அனுப்புகிறார்கள். நான் வாங்கும் பாக்கெட்டில் இருப்பதோ சீன எழுத்து. நம் மண்ணில் விளையும் கிழங்கின் நூடுல்ஸ் இங்கேயே நல்ல தரத்தில் எல்லாக் கடையிலும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. விலையும் அப்போதுதான் இறங்கும். இன்றைக்கு அரிசி நூடுல்ஸைவிடப் பல மடங்கு விலை.

இந்த நூடுல்ஸில் சுமார் 97 சதவீதம் தண்ணீர். மிச்சம் குளுக்கோமன்னான் என்ற நார்ச்சத்து. 100 கிராமுக்கு 10 கலோரி வந்தாலே அதிகம். வேகவைத்த அரிசி நூடுல்ஸ் அதே எடைக்கு நூறைத் தாண்டும்.

முதல் பாக்கெட்டைப் பிரித்ததும் மீன் வாடை அடித்தது. கெட்டுப்போய்விட்டது என்று கொட்டப் போனேன். அம்மா ஒரு இழையை எடுத்து முகர்ந்து பார்த்து, "சுண்ணாம்புத் தண்ணியில கிடந்திருக்கு, அதான். புளிப்பு காட்டினா போயிடும். சேனைக்குப் புளி போடாம சமைப்பியா?" என்றார். வெற்றிலை போடுகிறவருக்குத் தெரியாத சுண்ணாம்பா? மாவைக் கட்டியாக்கச் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள், அந்தக் காரம்தான் தண்ணீரில் நிற்கிறது. அன்றிலிருந்து செய்வது இதுதான்: வடிகட்டியில் போட்டு இரண்டு நிமிடம் குழாயில் அலசுவேன். ஒரு மூடி வினிகர் விட்ட கொதிநீரில் மூன்று நிமிடம். அப்புறம் எண்ணெய் விடாத வாணலியில் போட்டுப் புரட்டுவேன். முதலில் ஆவி குப்பென்று வரும். கொஞ்ச நேரத்தில் இழைகள் வாணலியில் உரசி 'கீச் கீச்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வரும்வரை இறக்கக் கூடாது. இந்தக் கடைசி வேலையைச் செய்யாதவர்கள்தான் ரப்பர் மாதிரி இருக்கிறது, சப்பென்று இருக்கிறது என்கிறார்கள்.

இதை அரிசி நூடுல்ஸுக்குப் பதில் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ருசியை உள்ளே இழுக்காது, ருசி மேலே ஒட்ட வேண்டும். அதனால்தான் அத்தோவுக்கு இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது. வறுத்த கடலை மாவு, கெட்டிப் புளிக்கரைசல், பொரித்த பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், மெல்லிசாக நறுக்கிய முட்டைகோஸ். நூடுல்ஸ் விடும் ஈரத்தை மாவு குடித்து, ஒவ்வொரு இழையிலும் பூசிக்கொள்ளும். வழக்கமாகப் போடுவதைவிட மாவு ஒரு கரண்டி அதிகம் போடுங்கள், புளியையும் தூக்கலாக விடுங்கள்.

கவுசுவேயிலும் சரியாக வரும், ஆனால் பரிமாறும்போதுதான் குழம்பில் சேர்க்க வேண்டும். அரை மணி நேரம் ஊறினால் தண்ணீர் விட்டுக் குழம்பு நீர்த்துப் போகும்.

தங்கை மகள் விஷயத்தில் ஒரு தப்பு செய்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. நூடுல்ஸில் கோதுமை இல்லை என்ற தைரியத்தில் எப்போதும் போல சோயா சாஸ் ஊற்றிவிட்டேன். அன்று ராத்திரி முழுக்கப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்துத்தான் காய்ச்சுகிறார்கள். இப்போது எங்கள் வீட்டில் மீனும் உப்பும் மட்டும் சேர்ந்த மீன் சாஸ்தான். கடலை மாவும் கடையில் வாங்குவதில்லை. கோதுமை அரைக்கும் அதே மெஷினில் அரைத்திருப்பார்கள். பருப்பை வறுத்து மிக்ஸியில் நானே பொடிக்கிறேன். கொஞ்சாக் பாக்கெட்டிலும் வேறு மாவு கலந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள்.

என் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரம்ப ஆர்வத்தில் தினம் இரண்டு பாக்கெட் சாப்பிட்டு வயிறு உப்பி அவதிப்பட்டேன். இப்போது வாரம் மூன்று நாள், ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட், கூட நிறையத் தண்ணீர். இதில் சத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால் முட்டையோ மீனோ இல்லாமல் சாப்பிடுவதில்லை. நாம் விழுங்கும் மாத்திரை உடம்பில் சேருவதை இந்த நார்ச்சத்து தாமதப்படுத்தலாம். மாத்திரை எடுப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கரண்ட் போகும் ஊரில் இன்னொரு நிம்மதி, பிரிக்காத பாக்கெட்டுக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம். சந்தையில் வாங்கும் ஈர அரிசி நூடுல்ஸ் மத்தியானத்துக்குள் புளித்துவிடும், இது அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும். ஃபிரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். இழை கெட்டியாகி நார் நாராகிவிடும்.

மொய்ங்காவுக்கு மட்டும் இது வேண்டாம். நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டேன். கெளுத்தி மீன் குழம்பு ஒரு பக்கம், நூடுல்ஸ் ஒரு பக்கம் என்று தனித்தனியாக நிற்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி நூடுல்ஸ் ஒரு கைப்பிடி மட்டும் போட்டு, வாழைத்தண்டும் குழம்பும் கிண்ணம் நிறைய ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, தங்கை மகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.