மூணு நாள் கடைசிக்கால கருத்தரங்கு, 12 வார வேதபாடம்: ரெண்டுக்கும் போன என் ரிவ்யூ

பைபிளோட கடைசிப் புஸ்தகமான வெளிப்படுத்தின விசேஷத்த ஒழுங்கா படிக்கணும்னு இந்த வருஷம் ரெண்டு இடத்துக்கு போனேன். ஒண்ணு டவுன்ல ஒரு மஹால்ல மூணு நாள் நடந்த கருத்தரங்கு, ஆளுக்கு 600 ரூபா, மத்தியான சாப்பாடு, ஒரு சார்ட், ஒரு புக்லெட் எல்லாம் சேத்து. இன்னொண்ணு எங்க சேகரத்துல (எங்க சபை வட்டாரம்) சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு நடந்த வேதபாடம், 12 வாரம், பீஸ் கிடையாது. எதுக்கு போறதுன்னு யோசிக்கறவங்களுக்காக எழுதறேன், குறிப்பா சின்ன பிள்ளைங்கள கூட்டிட்டு போற அம்மாமாருங்க முழுசா படிங்க.

முதல்ல கருத்தரங்கு. ஏற்பாடு குறை சொல்ல முடியாது, சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சாங்க, பாட்டு நல்லா இருந்துச்சு, சாப்பாடும் திருப்தி. மேடை முழுக்க ஒரு பிளெக்ஸ். தானியேல்ல வர்ற சிலை, பொன் தலையில இருந்து களிமண் கால் வரைக்கும், அது பக்கத்துல வெளிப்படுத்தின விசேஷத்துல வர்ற ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம்னு சிவப்பு அம்புக்குறி போட்டு, கடைசி அம்புக்குறிக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு நட்சத்திரம், "நாம் இங்கே"ன்னு எழுதிருந்துச்சு. தேதி யாரும் சொல்லல. ஆனா இயேசு சொன்ன உவமையில வர்ற அத்திமரம்னா இஸ்ரவேல், அது நாடா உருவான 1948ல துளிர்த்தது, அதப் பாத்த தலைமுறை முடியறதுக்குள்ள எல்லாம் நடக்கும், ஒரு தலைமுறைன்னா சங்கீதம் 90 படி 80 வருஷம், நீங்களே கூட்டிப் பாருங்கன்னு விட்டுட்டாங்க. ஹால்ல பாதிப் பேர் நோட்டுல கூட்டிட்டு இருந்தாங்க, நானும் கூட்டினேன். இதே 1948 கணக்கத்தான் முன்னாடி ஒரு தலைமுறைன்னா 40 வருஷம்னு வச்சு 1988னு அமெரிக்காவுல பரப்பினாங்கன்னு அங்க ஒருத்தரும் சொல்லல, எனக்கு அது பின்னாடிதான் தெரிஞ்சுது.

ரெண்டாம் நாள் எசேக்கியேல் 38, இஸ்ரவேல் மேல படையெடுத்து வர்ற கோகு பத்தின அந்த வசனத்துல சில மொழிபெயர்ப்புல வர்ற ரோஷ்னா ரஷ்யான்னு ஒரு மணி நேரம் போச்சு. எபிரேயத்துல ரோஷ்னா தலைன்னு அர்த்தம், நம்ம வீட்டுல இருக்கற பழைய தமிழ் பைபிள்ல அந்த வசனத்துல அப்படி ஒரு தேசத்து பேரே கிடையாது, மேசேக் தூபால் ஜாதிகளின் அதிபதின்னுதான் இருக்கும், எடுத்துப் பாருங்க. அப்புறம் வெளிப்படுத்தின விசேஷத்துல மிருகத்தோட எண்ணுன்னு வர்ற 666. முதல்ல பார்கோடுன்னாங்க, அப்புறம் ஆதார், அப்புறம் தடுப்பூசி. என் பக்கத்து சீட்டு அக்கா எழுந்து, "ஐயா, முடிவு இவ்வளவு கிட்டன்னா, பையனுக்கு காலேஜ் பீஸ் கட்டணும், கட்டவா வேண்டாமா"ன்னு நெஜமாவே கேட்டாங்க. ஆவியானவர் நடத்துவார்னு ஒரே வரியில முடிச்சிட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டாங்க. அந்த அக்கா உக்காந்த அப்புறமும் கையில இருந்த பர்ஸ தொறந்து தொறந்து மூடிட்டே இருந்தாங்க.

எனக்கு கோவம் வந்தது அதுக்கு அப்புறந்தான். என் பொண்ணுக்கு 9 வயசு, கடைசி நாள் அவளையும் கூட்டிட்டு போயிருந்தேன், இயேசு திடீர்னு வந்து தம்முடையவங்கள மட்டும் எடுத்துட்டுப் போயிடுவார், மத்தவங்க விடப்படுவாங்கங்கற இரகசிய வருகை பத்தி கேட்டுட்டு வந்தா. அந்த வாரமே ஒரு நாள் டியூஷன் விட்டு வந்திருக்கா, நான் மாடியில துணி எடுத்துட்டு இருந்தேன், கதவு தொறந்திருக்கு, பேன் ஓடுது, அடுப்புல சோறு கொதிக்குது, ஆளக் காணோம். நான் இறங்கி வர்றேன், பிள்ளை ஸ்கூல் பையக் கட்டிப்பிடிச்சிட்டு வாசப்படியில உக்காந்து தேம்பி தேம்பி அழுது, "நீங்க மட்டும் போயிட்டீங்க, என்ன விட்டுட்டாருன்னு நெனச்சேன்மா"ங்கறா. ரெண்டு வாரம் லைட் போட்டுத்தான் தூங்கினா. இயேசு வர்றார்ங்கறது நமக்கு நல்ல செய்திங்க, அதக் கேட்டுட்டு ஒரு குழந்தை இப்படி நடுங்குதுன்னா சொல்லிக் குடுத்த விதம் தப்பு, இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

வேதபாடம் வேற மாதிரி. 12 வாரத்துல முதல் அஞ்சு வாரம் 1, 2, 3 அதிகாரம் மட்டும், ஏழு ஊர் சபைகளுக்கு எழுதின கடிதங்கள் வர்ற பகுதி. எனக்கு முதல்ல சலிப்பா இருந்துச்சு, மிருகம் எப்ப வரும்னு காத்துட்டு இருந்தேன். சேகர குருவானவர் ஐயா ஒரு ஜெராக்ஸ் மேப் குடுத்தார், இப்ப துருக்கியில இருக்கற அந்த ஏழு ஊரும், கடல்ல யோவான் தரிசனம் கண்ட பத்மு தீவும். லவோதிக்கேயாவுக்கு பக்கத்துல எராப்போலில வெந்நீர் ஊற்று, இந்தப் பக்கம் கொலோசெயில குளிர்ந்த தண்ணி, இவங்களுக்கு மட்டும் குழாய்ல வெதுவெதுன்னு வந்து சேருதாம், அவங்களுக்கு எழுதின கடிதத்துல வெதுவெதுப்பா இருக்கேன்னு வர்றத இத வச்சு விளக்கினார். கி.பி. 60 வாக்குல பூகம்பத்துல ஊர் இடிஞ்சப்ப ரோம அரசாங்க உதவி இல்லாம தாங்களே கட்டிக்கிட்ட பணக்கார ஊர் அது. "எனக்கு ஒரு குறைவுமில்லை"ன்னு அவங்க சொல்றதா வர்ற வார்த்தைய அன்னைக்குத்தான் உண்மையில கேட்டேன். சிமிர்னாவுக்கு வந்தப்ப பாலிகார்ப் கதை, அந்த ஊர் கண்காணியார் (பிஷப்), கிறிஸ்துவை மறுதலின்னு சொன்னப்ப 86 வருஷமா அவரை சேவிக்கறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யலைன்னு சொல்லி ரத்தசாட்சியா செத்தவர். அந்தப் புஸ்தகம் முதல்ல இந்த மாதிரி ஆட்களுக்கு எழுதின கடிதம், நம்ம நியூஸ் சேனலுக்கு உரை எழுதினதில்ல.

666க்கு ஐயா சொன்ன விளக்கம், நீரோ சீசர்ங்கற பேர எபிரேய எழுத்துல எழுதி எண்ணா கூட்டினா 666 வருது, பேர் கடைசில இருக்கற ஒரு எழுத்த விட்டா 616, சில பழைய கையெழுத்துப் பிரதியில 616னே இருக்காம். இதுதான் முடிவுன்னு சொல்லல, இப்படியும் படிக்கறாங்கன்னார். அதே மாதிரி இரகசிய வருகைய தனியா பிரிச்சு சொல்ற போதனை 1830கள்ல டார்பிங்கறவர் பரப்பினது, 1909ல வந்த ஸ்கோபீல்டு குறிப்பு பைபிள் வழியா ரொம்பப் பரவுச்சுன்னும், கிறிஸ்து ஆயிரம் வருஷம் ஆளுவார்ங்கற ஆயிரவருட அரசாட்சிய, பழைய சபைத் தலைவர்கள்ல ஐரேனியு அப்படியே எடுத்துக்கிட்டார், அகஸ்டின் வேற விதமா படிச்சார்னும் சொன்னார். நீங்க எந்தப் பக்கம்னு கேட்டேன். மறைக்காம சொன்னார், ஆனா வேற மாதிரி நம்பறவங்களும் நம்ம கூட அதே நற்கருணைப் பந்தியில முழங்கால் போடறாங்கன்னு சேத்து சொன்னார். அவர் வருவார்ங்கறதுல யாருக்கும் வித்தியாசம் இல்லையே, ஞாயித்துக்கிழமை விசுவாசப்பிரமாணத்துல எல்லாரும் சொல்றதுதானே.

ஒரு சனிக்கிழமை முழுக்க தேதி குறிச்சவங்க கதை. 1844 அக்டோபர் 22, அமெரிக்காவுல வில்லியம் மில்லர், தானியேல் 8ல வர்ற 2300 நாள வருஷமாக்கி போட்ட கணக்க நம்பி சில விவசாயிங்க விளைச்சல அறுக்காம வயல்லயே விட்டாங்க. 1992 அக்டோபர் 28 கொரியாவுல ஒரு சபை குறிச்ச நாள், 2011 மே 21 அமெரிக்க ரேடியோ போதகர் ஹரோல்டு கேம்பிங் குறிச்ச நாள். கேம்பிங்க நம்பின ஒருத்தர் தன் சேமிப்புல 1,40,000 டாலர் விளம்பரத்துக்கே போட்டார். அடுத்த வருஷம் கேம்பிங் தன் தப்ப ஒத்துக்கிட்டார், ஆனா போன பணம் போனதுதான். அன்னைக்கு நான் அந்த காலேஜ் பீஸ் அக்காவப் பத்தி சொன்னேன். ஐயா உடனே 2 தெசலோனிக்கேயர் எடுத்தார், ரெண்டாம் அதிகாரத்துல நாள் வந்துருச்சுன்னு கலங்காதீங்க, மூணாம் அதிகாரத்துல வேலை செஞ்சு சொந்த சாப்பாட்ட சாப்பிடுங்க. "பீஸ கட்டச் சொல்லும்மா"ன்னார். அந்த அக்கா நம்பர் என்கிட்ட இல்ல, இத எழுதறதுக்கு அதுவும் ஒரு காரணம், அக்கா இதப் படிச்சா தயவுசெஞ்சு கட்டிடுங்க.

ஆயத்தம்னா என்னன்னு கேட்டதுக்கு பத்து கன்னிகை உவமை வர்ற மத்தேயு 25 மட்டும் ரெண்டு வாரம். அந்த வார வீட்டுப்பாடம், இன்னைக்கு ராத்திரி அவர் வந்தா யார்கிட்ட பேசாம இருக்கறது உங்களுக்கு உறுத்தும்னு நோட்டுல எழுதிட்டு வரணும். நான் எழுதவே இல்ல, வீட்டுக்கு வந்து மூணு வருஷமா பேசாம இருந்த என் மதினிக்கு போன் போட்டேன். இடத்தகராறு இன்னும் முடியல, ஆனா இப்ப பேசிக்கறோம்.

குறைகளும் உண்டு. சாயறதுக்கு இல்லாத பெஞ்ச், ரெண்டு மணி நேரம் முதுகு தாங்காது, மைக் எதிரொலிக்குது, 17ம் அதிகாரத்துல இருந்து 20 வரைக்கும் ஒரே வாரத்துல ஓட்டிட்டாங்க, ஆயிரவருடத்துக்கு அரைமணி நேரம் பத்தவே பத்தாது, எனக்கு இன்னும் அதுல நெறைய கேள்வி இருக்கு. ரெக்கார்டிங்கும் போடறதில்ல, ஒரு வாரம் விட்டா விட்டதுதான்.

கருத்தரங்குக்கு அஞ்சுக்கு ஒண்ணரை, அந்த ஒண்ணரை ஏற்பாட்டுக்கு. வேதபாடத்துக்கு நாலரை. கடைசி வாரம் 21ம் அதிகாரத்த பிள்ளைங்கள வாசிக்க விட்டாங்க, கண்ணீர் யாவையும் துடைக்கற வசனம் என் பொண்ணுக்கு வந்துச்சு, சத்தமா வாசிச்சிட்டு வந்து என் மடியில உக்காந்துக்கிட்டா. அடுத்து ஜூன்ல தானியேல் ஆரம்பிக்கறாங்க, பைபிளும் ஒரு நோட்டும் போதும், முடிஞ்சா உக்கார ஒரு குஷன் எடுத்துட்டு போங்க.